எந்த கேம் கன்சோல் வாங்கலாம்? முதன்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயது ஆனபோது ஒரு கேம் கன்சோல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். எதில் எந்த சிப், எது எவ்வளவு வேகம், எதில் படம் துல்லியம் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி, கணக்குப்படி எது முன்னால் நின்றதோ அதையே வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியைப் பிரித்தபோது பையனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் சாயங்காலம் போனை வைத்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னான்: “மாமா, என் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் வேற கன்சோல் வெச்சிருக்காங்க. அவங்க ஆடுற கேம்ல இதுலேர்ந்து சேர முடியாதாம்.”

அந்த கன்சோலில் குறை ஒன்றும் இல்லை. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு யார் யோசனை கேட்டாலும் நான் எடுத்தவுடன் பெட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. யாரோடு விளையாடப் போகிறீர்கள், என்ன கேம், எந்தத் திரையில், கேமை எப்படி வாங்குவீர்கள் என்று இந்த வரிசையில் கேட்டுக்கொண்டே போவேன். நாலாவது கேள்விக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கன்சோல்தான் மிஞ்சியிருக்கும். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் போகிறது.

போட்டியில் இருப்பவை

சோனியின் ப்ளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், அதன் தம்பியான சீரிஸ் எஸ், இவை 2020 நவம்பரில் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்தன. ப்ளேஸ்டேஷன் 5 பிறகு மெலிந்த வடிவில் 2023 நவம்பரிலும், கூடுதல் திறனுள்ள ப்ரோ வடிவில் 2024 நவம்பரிலும் வந்தது. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூன் 5 அன்று. முதல் இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளும் டிவிக்குக் கீழே ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவை. ஸ்விட்ச் 2 மட்டும் 7.9 அங்குலத் திரையோடு வருகிறது. டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கில் செருகினால் டிவியில் ஓடும், உருவினால் கையோடு வந்துவிடும்.

படி 1: யாரோடு விளையாடப் போகிறீர்கள்?

பதில் “தனியாகத்தான்” என்றால் இந்தப் படியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடலாம். நண்பர்களோடு இணையத்தில் என்றால், அவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: என்ன கன்சோல் வைத்திருக்கிறார்கள், வாரம் முழுக்க எந்த கேமில் கிடக்கிறார்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஏனென்றால் சில கேம்களில் எந்த கன்சோலிலிருந்தும் எந்த கன்சோலில் இருப்பவரோடும் சேர்ந்து ஆடலாம். இதைக் கிராஸ்ப்ளே என்பார்கள். ஃபோர்ட்நைட், மைன்கிராஃப்ட், ராக்கெட் லீக் மூன்றிலும் இந்த வசதி உண்டு. 2018 செப்டம்பர் வரை சோனி இதற்குக் கதவை மூடியே வைத்திருந்தது. ஃபோர்ட்நைட்டுக்காக முதலில் திறந்தார்கள், அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற கேம்களுக்கும் வந்தது. ஆனாலும் எல்லா கேமிலும் இது இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தந்த கேமின் பெயரோடு கிராஸ்ப்ளே என்று சேர்த்துத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சேர்ந்து ஆட முடிகிறது என்பதாலேயே நீங்கள் சேர்த்து வைத்த உடைகள், நிலைகள், வாங்கிய பொருள்கள் எல்லாம் ஒரு கன்சோலிலிருந்து இன்னொன்றுக்கு வந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஃபோர்ட்நைட்டில் பெரும்பாலும் வரும், பல கேம்களில் வராது. ஏற்கெனவே ஒரு கன்சோலில் வருஷக்கணக்காக ஆடியவர் கட்சி மாறும்போது இதுதான் மனதை உடைக்கும்.

என் அக்கா மகன் கதைக்கு வருகிறேன். அவனும் அவன் நண்பர்களில் ஒருவனும் கடைசியில் ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன் என்ற கேமில் சேர்ந்துகொண்டார்கள். 2025இல் வந்த இந்த கேமை இருவர் சேர்ந்துதான் ஆட முடியும். ஆனால் ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் ஃபிரெண்ட்ஸ் பாஸை இலவசமாக இறக்கிக்கொண்டு வேறு கன்சோலிலிருந்தே சேரலாம். இப்படிப்பட்ட கேம்கள் கொஞ்சம்தான், ஆனால் தேடினால் கிடைக்கும்.

ஒரே அறையில், ஒரே சோஃபாவில் உட்கார்ந்து ஆட வேண்டும் என்றால் கணக்கே வேறு. அங்கே நின்டெண்டோவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்விட்ச் 2இன் இரு பக்கமும் காந்தத்தால் ஒட்டியிருக்கும் ஜாய்-கான் என்ற சின்ன கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால், இரண்டாவது கன்ட்ரோலர் வாங்காமலேயே பல கேம்களை இரண்டு பேர் ஆடலாம். கேம்ஷேர் என்ற வசதியும் உண்டு. அதற்கு ஒத்துவரும் கேம் ஒரு பிரதி இருந்தால், பக்கத்தில் பழைய ஸ்விட்ச் வைத்திருப்பவர்கூட அதில் சேரலாம். ப்ளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஒரே திரையில் பலர் ஆடும் கேம்கள் இருக்கின்றன, ஆனால் தேடிப் பிடிக்க வேண்டும். கூடுதல் கன்ட்ரோலரின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 2: ஐந்து கேம்களின் பெயரை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஒரு வருஷத்தில் நிஜமாகவே ஆட ஆசைப்படும் ஐந்து கேம்களை எழுதுங்கள். ஊரே பேசுகிறது என்பதற்காக எதையும் எழுத வேண்டாம். ஒரு நிமிஷம் வீடியோ பார்த்ததும் கை துறுதுறுத்ததே, அதை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்தெந்த கன்சோலில் வருகிறது என்று குறியுங்கள்.

மாரியோ, ஜெல்டா, போகிமான் வகையறாவின் பெரிய கேம்கள் பட்டியலில் இருந்தால் பேச்சே வேண்டாம், ஸ்விட்ச்தான். மாரியோ கார்ட் வேர்ல்ட், டாங்கி காங் பனான்ஸா போன்றவை ஸ்விட்ச் 2க்காகவே செய்யப்பட்டவை. நின்டெண்டோ தன்னுடைய பெரிய கேம்களை மற்றவர்களின் கன்சோலுக்குக் கொடுப்பதில்லை. காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன், ஆஸ்ட்ரோ பாட் என்று இருந்தால் ப்ளேஸ்டேஷன். சோனியின் கேம்களில் சில, காலம் கழித்துக் கணினிக்கும் வந்திருக்கின்றன. காத்திருக்கப் பொறுமை உண்டா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

எக்ஸ்பாக்ஸின் நிலைமை இப்போது மாறிவிட்டது. புதிதாக வாங்குபவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு கன்சோல்களில் எக்ஸ்பாக்ஸில் மட்டும் கிடைத்த ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தய கேம் 2025 ஏப்ரலில் ப்ளேஸ்டேஷன் 5க்கும் வந்துவிட்டது. கியர்ஸ் ஆஃப் வாரும் அதே வருஷம் வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் கேம்களைக் கணினியிலும் முதல் நாளிலேயே வெளியிடுகிறது. ஆகவே வீட்டில் நல்ல கேமிங் கணினி இருப்பவருக்கு எக்ஸ்பாக்ஸ் பெட்டி தனியாக எதுவும் கொண்டுவராது. அதன் பலம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: சந்தா, பழைய கேம்கள். இரண்டையும் கீழே பார்ப்போம்.

தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் விஆர் மேல் ஆசை இருந்தால், இந்த மூன்றில் ப்ளேஸ்டேஷன் 5க்கு மட்டும்தான் அது உண்டு. கருவியைத் தனியாக வாங்க வேண்டும்.

பட்டியல் எழுதி முடித்ததும் ஐந்தில் நான்கு ஒரே பக்கம் சாய்ந்தால், மற்ற எல்லாப் பேச்சையும் நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் போங்கள். 2006இல் நின்டெண்டோவின் வீ வந்தபோது அதன் திறன் போட்டியாளர்களைவிட மிகக் குறைவு, உயர் துல்லியப் படம்கூட அதில் கிடையாது. இருந்தும் 10 கோடிக்கு மேல் விற்று, அந்தத் தலைமுறையில் ப்ளேஸ்டேஷன் 3ஐயும் எக்ஸ்பாக்ஸ் 360ஐயும் பின்னுக்குத் தள்ளியது. குச்சியைப் போன்ற கன்ட்ரோலரை வீசிக் கூடத்தில் டென்னிஸ் ஆடிய குடும்பங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

படி 3: உங்கள் டிவியின் பின்புறத்தைப் பாருங்கள்

இதைக் கடைக்குப் போகும் முன்பே செய்துவிடுங்கள். போனில் டார்ச்சைப் போட்டு டிவிக்குப் பின்னால் கையை விட்டால் எச்டிஎம்ஐ துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்ன எழுத்தில் ஏதாவது அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் எண் மட்டும் இருக்கும். ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் “4கே 120 ஹெர்ட்ஸ்” (மிகத் துல்லியமான படம், நொடிக்கு 120 முறை) என்று இருந்தால், கன்சோல் போக வேண்டிய இடம் அதுதான். நிறையப் பேர் காலியாக இருக்கும் முதல் துளையில் செருகிவிட்டு, வருஷக்கணக்கில் பாதித் திறனோடு ஆடுகிறார்கள். பெட்டிக்குள் வரும் கேபிளையே பயன்படுத்துங்கள். பழைய டிவிடி பிளேயரின் கேபிளை எடுத்து மாட்ட வேண்டாம்.

எங்கேயும் 120 என்று இல்லையா? கவலைப்படாதீர்கள், பெரும்பாலான கேம்களுக்கு 60 தாராளம். நொடிக்கு 30 படங்கள் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிநொடி. 60 என்றால் ஏறக்குறைய 17. 120 என்றால் 8. முப்பதிலிருந்து அறுபதுக்குப் போகும்போது கன்ட்ரோலரில் அழுத்தியதும் திரையில் நடப்பதும் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும், முதன்முறை ஆடுபவர்கூட உணர்ந்துவிடுவார். அறுபதிலிருந்து நூற்றிருபது என்பது துப்பாக்கிச் சண்டை கேம்களில் போட்டி போடுபவர்களுக்குத்தான் பெரிதாகத் தெரியும். பல கேம்கள் செட்டிங்ஸில் தரம், வேகம் என்று இரண்டு முறைகள் தரும். எனக்குத் தெரிந்தவர்களிடம் நான் சொல்வது, முதல் நாளே வேக முறையைத் தேர்ந்தெடுத்து ஆடிப் பாருங்கள் என்றுதான்.

உங்கள் டிவி 4கே இல்லை, சாதாரண முழு எச்டிதான் என்றால் ப்ளேஸ்டேஷன் 5 ப்ரோவுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. அந்தத் திரைக்கு சீரிஸ் எஸ்ஸே போதும். அது அளவாக 1440பி வரை, அதாவது முழு எச்டிக்கும் 4கேவுக்கும் இடைப்பட்ட துல்லியம் வரை, குறி வைத்துச் செய்யப்பட்டது. டிவிக்குப் பதில் கணினி மானிட்டரில் ஆடுவதாக இருந்தால் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும் ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டின் கன்ட்ரோலரிலும் ஹெட்போன் செருகும் துளை இருக்கிறது, சமாளிக்கலாம்.

டிவியின் மெனுவில் கேம் மோடு என்று ஒன்று இருக்கும். அதைப் போட மறக்காதீர்கள். படத்தை மெருகேற்ற டிவி செய்யும் வேலைகளால் வரும் தாமதத்தை அது குறைக்கும்.

படி 4: டிஸ்க்கா, டவுன்லோடா?

அவசரமாகத் தாண்டிவிட்டுப் பின்னால் வருத்தப்படுவது இந்தப் படியில்தான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் வாய் கிடையாது. 2024இல் வந்த வெள்ளை நிற சீரிஸ் எக்ஸிலும் கிடையாது. இரண்டிலும் பிறகு சேர்க்கவும் முடியாது. 2020இல் வந்த முதல் ப்ளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷனும் அப்படியே. 2023இல் வந்த மெலிந்த ப்ளேஸ்டேஷன் 5இன் டிஜிட்டல் வடிவிலும் ப்ரோவிலும் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். மாட்டும்போது ஒருமுறை இணையத்தில் இணைத்து அதைப் பதிவு செய்ய வேண்டும். கடையில் “இதுவும் ப்ளேஸ்டேஷன் 5தான்” என்று சொல்லி எதைக் கையில் கொடுக்கிறார்கள் என்பதை இதனால்தான் பார்த்து வாங்க வேண்டும்.

டிஸ்க் இருந்தால் என்ன லாபம்? ஆடி முடித்த கேமை விற்கலாம், நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம், பழைய டிஸ்க்கைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். டிஸ்க் இல்லாவிட்டால் நீங்கள் வாங்கக்கூடிய கடை ஒன்றே ஒன்று, அந்த கன்சோல் நிறுவனத்தின் கடை. அவர்கள் தள்ளுபடி போடும்போது நன்றாகவே போடுகிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் கடை ஒருநாள் மூடவும் செய்யும். நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் இணையக் கடைகளிலும் 2023 மார்ச் 27க்குப் பிறகு எதுவும் வாங்க முடியாமல் போனது. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவற்றைத் திரும்ப இறக்கிக்கொள்ள விட்டார்கள், புதிதாக வாங்கும் வழிதான் அடைபட்டது.

இணைய வேகத்தையும் நினைத்துப் பாருங்கள். பெரிய கேம்கள் 100 ஜிபியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. நொடிக்கு 50 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அது இறங்க நாலரை மணி நேரம் ஆகும். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளவு வைத்த இணைப்பு என்றால் டிஸ்க் கன்சோலுக்குத்தான் என் வாக்கு. டிஸ்க் வாங்கினாலும் அப்டேட் இறங்கத்தான் செய்யும், ஆனால் பெரும்பாலும் முழு கேமும் இறங்க வேண்டியதில்லை.

ஸ்விட்ச் 2இல் டிஸ்க் இல்லை, சின்ன கார்ட். அதில் ஒரு புதுச் சிக்கல் இருக்கிறது. சில கேம்கள் கேம்-கீ கார்ட் என்ற வடிவில் வருகின்றன. அந்த கார்டுக்குள் கேம் இருக்காது, திறப்பதற்கான சாவி மட்டும்தான் இருக்கும். கேமை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும், ஆடும்போது கார்டையும் செருகியிருக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தின் கீழே இது எழுதியிருக்கும். வாங்கும் முன் அந்தக் கீழ் வரியைப் படித்துவிடுங்கள். விற்பதற்கும் இரவல் கொடுப்பதற்கும் சாதாரண கார்டைப் போலவே இது பயன்படும், அதுவரை நல்லதுதான்.

அப்புறம் பழைய கேம்கள். வீட்டில் ப்ளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் இருந்தால், டிஸ்க் டிரைவ் உள்ள ப்ளேஸ்டேஷன் 5இல் ஏறக்குறைய எல்லாமே ஓடும். ப்ளேஸ்டேஷன் 2, 3 டிஸ்க்குகள் ஓடாது. டிஸ்க் டிரைவ் உள்ள சீரிஸ் எக்ஸில் எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்களோடு, எக்ஸ்பாக்ஸ் 360, முதல் எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றின் கேம்களிலும் நூற்றுக்கணக்கானவை ஓடும். இருபது வருஷத்து டிஸ்க்கைத் துடைத்துப் போட்டு, அது புது டிவியில் முன்பைவிடத் தெளிவாக ஓடுவதைப் பார்ப்பது தனி சுகம். பழைய சேகரிப்பு வைத்திருப்பவர் எக்ஸ்பாக்ஸை ஒதுக்கிவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஸ்விட்ச் 2 பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவற்றை ஓட்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ப்ளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது தேர்ந்தெடுக்கும் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. நீங்கள் எந்த நாட்டுக் கடையில் காசு கட்டி வாங்கப்போகிறீர்களோ அந்த நாட்டையே முதல் நாளில் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது டிஸ்க் வாங்கி வந்தால் கேம் ஓடும். ஆனால் அதற்கான கூடுதல் பகுதிகளை உங்கள் நாட்டுக் கடையில் வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.

படி 5: சேமிப்பிடம்

முதல் ப்ளேஸ்டேஷன் 5இல் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் நமக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபி. சீரிஸ் எக்ஸில் 1 டிபியில் சுமார் 802 ஜிபி. 512 ஜிபி சீரிஸ் எஸ்ஸில் சுமார் 364 ஜிபிதான். மூன்று பெரிய கேம் போட்டால் நிறைந்துவிடும். சீரிஸ் எஸ் மேல் கண் இருந்தால் 1 டிபி வடிவைப் பாருங்கள். ஸ்விட்ச் 2இல் 256 ஜிபி. ப்ரோவில் 2 டிபி.

நிறைந்தால் என்ன செய்வது? ப்ளேஸ்டேஷன் 5இல் கணினிக்கு விற்கும் எம்.2 எஸ்எஸ்டி என்ற சின்னச் சேமிப்புப் பலகையையே வாங்கி உள்ளே பொருத்தலாம், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பல நிறுவனங்கள் போட்டி போட்டு விற்பதால் விலை கட்டுப்படியாகும். எக்ஸ்பாக்ஸுக்கு அதற்கென்றே செய்த விரிவாக்க கார்டுதான் வேண்டும். பின்னால் செருகினால் வேலை முடிந்தது, ஆனால் விலை அதிகம். ஸ்விட்ச் 2க்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்ட் மட்டுமே. பழைய ஸ்விட்ச்சிலிருந்து எடுத்த சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டைப் போட்டால் படமும் வீடியோவும் மட்டும்தான் எடுத்துப் போட முடியும், கேம் ஓடாது. யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்று சும்மா கிடந்தால் ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் கிடங்கு மாதிரி பயன்படுத்தலாம். பழைய தலைமுறை கேம்கள் அதிலிருந்தே ஓடும், புதியவற்றை உள்ளே நகர்த்திவிட்டுத்தான் ஆட முடியும்.

படி 6: சந்தாக் கணக்கு

கன்சோலின் விலையோடு செலவு முடிவதில்லை. காசு கொடுத்து வாங்கிய கேமை இணையத்தில் மற்றவர்களோடு ஆட, மூன்று நிறுவனங்களும் சந்தா கேட்கின்றன. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. எக்ஸ்பாக்ஸும் 2021 ஏப்ரலில் அவற்றுக்குச் சந்தா கேட்பதை நிறுத்திவிட்டது. மைன்கிராஃப்டை நண்பர்களோடு இணையத்தில் ஆட கன்சோலில் சந்தா வேண்டும். பெற்றோர் பலருக்கு இது தெரியாமல், பிறந்தநாளன்றே குழந்தை அழுத கதை நிறைய உண்டு.

எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் 2017இல் தொடங்கியது. மாதம் ஒரு தொகை கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்கள். அதன் உயர்ந்த அடுக்கில் மைக்ரோசாஃப்டின் பல புது கேம்கள் வெளிவரும் அன்றே கிடைத்திருக்கின்றன. 2025 அக்டோபரில் அடுக்குகளும் விலையும் மாறின, ஆகவே பழைய கட்டுரைகளை நம்பாமல் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். எதையும் ஒரு மணி நேரம் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவுபவருக்கு இது பொருத்தம். வருஷத்துக்கு இரண்டே கேம் எடுத்து, முடிவு வரை ஊறி ஆடுபவர் சந்தா கட்டுவதைவிட அந்த இரண்டையும் வாங்கிவிடுவது மேல். சோனியின் ப்ளேஸ்டேஷன் பிளஸிலும் அடுக்குகள் உண்டு. சந்தா நின்றால் அதன்வழி வந்த கேம்களும் நின்றுவிடும், எல்லோரிடமும் இதுதான் விதி.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நாற்பது மணி நேரம் ஆடிய ஆட்டம் எதுவரை வந்தது என்பதைப் பதிந்து வைக்கும் சேவ் ஃபைல் எங்கே இருக்கிறது? எக்ஸ்பாக்ஸில் அது காசில்லாமலேயே கிளவுடில், அதாவது நிறுவனத்தின் இணையச் சேமிப்பிடத்தில், ஏறிவிடும். ப்ளேஸ்டேஷன் 5இல் அதற்குச் சந்தா வேண்டும், ப்ளேஸ்டேஷன் 5 கேம்களின் சேவ் ஃபைலை யுஎஸ்பியில் நகல் எடுக்கவும் முடியாது. ஸ்விட்ச்சிலும் சந்தா வேண்டும், எல்லா கேமுக்கும் கிடையாது. பெட்டி பழுதாகி உட்கார்ந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

டெராஃப்ளாப் எண்களை என்ன செய்வது?

கிராஃபிக்ஸ் சிப்பின் கணக்கிடும் திறனை டெராஃப்ளாப்பில் அளப்பார்கள். சீரிஸ் எக்ஸுக்கு 12, ப்ளேஸ்டேஷன் 5க்கு 10.28, சீரிஸ் எஸ்ஸுக்கு 4 என்று போடுவார்கள். முதல் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை சோஃபாவில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. அதை மறந்துவிடுங்கள். சீரிஸ் எஸ்ஸின் இடைவெளி மட்டும் நிஜமானது. பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் ப்ளேஸ்டேஷன் 5இல் 2023 செப்டம்பரில் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதியைச் சீரிஸ் எஸ்ஸில் ஓடவைக்க முடியாமல் திணறி, கடைசியில் அது இல்லாமலேயே அதில் வெளியிட்டார்கள். சீரிஸ் எஸ் விலைக்கேற்ற நல்ல பெட்டிதான். இன்னும் ஐந்து வருஷம் ஓட வேண்டும் என்று நினைப்பவர் மட்டும் யோசிக்க வேண்டும்.

வைக்க இடம் இருக்கிறதா?

அளவு நாடாவை எடுங்கள். முதல் ப்ளேஸ்டேஷன் 5 நிறுத்தினால் 39 செ.மீ. உயரம், மெலிந்தது கிட்டத்தட்ட 36. சீரிஸ் எக்ஸ் 30 செ.மீ. உயரமும் 15 செ.மீ. சதுர அடிப்பகுதியும் உள்ள தூண். அதை டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் திணிக்க வேண்டாம். சூடான காற்று மேல்பக்கமாக வெளியேறுகிறது. பின்னாலும் மேலும் ஒரு கை நுழையும் அளவுக்காவது இடம் விடுங்கள். கன்ட்ரோலரையும் கையில் பிடித்துப் பாருங்கள், முடிந்தால் யாராவது வைத்திருப்பதை வாங்கி அரை மணி நேரம் ஆடுங்கள். ப்ளேஸ்டேஷனின் டூயல்சென்ஸில் விசை விரலை எதிர்த்து இறுகும், வில்லின் நாணை இழுக்கும்போது இழுப்பது தெரியும். உள்ளேயே பேட்டரி உண்டு, சார்ஜ் போட வேண்டும். எக்ஸ்பாக்ஸின் கன்ட்ரோலர் இரண்டு சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடுகிறது. சிலருக்கு இது தொல்லை, எனக்கு வசதி.

காத்திருந்தால் விலை குறையுமா?

முந்தைய தலைமுறைகளில் குறைந்தது. இந்த முறை தலைகீழ். 2025இல் மட்டும் மூன்று நிறுவனங்களும் அமெரிக்காவில் தங்கள் கன்சோல்களின் விலையை ஏற்றின. விலை இறங்கட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருப்பதில் பலனில்லை, பண்டிகைக் காலத் தள்ளுபடிக்காகச் சில மாதம் காத்திருப்பது வேறு விஷயம். அதே சமயம், ஒரு புத்தம் புது கன்சோலை வந்த மாதமே ஓடிப்போய் வாங்கவும் வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் 360 வந்த புதிதில் சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போன பெட்டிகள் ஏராளம். 2007இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரன்டியை மூன்று வருஷமாக நீட்ட வேண்டியதாயிற்று. ஒரு வருஷம் போனால் கோளாறுகள் வெளியே தெரிந்துவிடும், கேம்களும் சேர்ந்திருக்கும்.

சரி, என் கருத்து என்ன?

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு, எல்லோரும் கூடி ஆட, ஸ்விட்ச் 2. பெரிய டிவியில் கதை கேம்களை ஊறி ஆடும் ஒருவருக்கு டிஸ்க் உள்ள ப்ளேஸ்டேஷன் 5, சாதாரண வடிவே போதும். பழைய எக்ஸ்பாக்ஸ் சேகரிப்பு இருப்பவருக்கு டிஸ்க் உள்ள சீரிஸ் எக்ஸ். குறைந்த செலவில் பலதையும் தொட்டுப் பார்க்க சீரிஸ் எஸ்ஸும் சந்தாவும். ஆனால் முதல் படியில் வந்த பதில் இதற்கு எதிராக இருந்தால், அந்தப் பதிலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதும் முதல் வாரத்திலும்

பழையது வாங்குவதாக இருந்தால், விற்பவர் வீட்டிலேயே டிவியில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் உள்நுழைய வேண்டும், கன்சோல் நிறுவனம் தடை செய்த பெட்டியாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு டிஸ்க் போட்டுப் படிக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளை லேசாக அசைத்தால் படம் போய்ப் போய் வரக்கூடாது. அவருடைய கணக்கை நீக்கிவிட்டு, உங்கள் கண்முன்னே பெட்டியை முழுதாக அழித்துத் தரச் சொல்லுங்கள்.

புதியது என்றால் குழந்தையிடம் கொடுப்பதற்கு முந்தைய இரவே திறந்து அப்டேட்டை இறக்கி வையுங்கள். கணக்குக்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். கடையில் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்குமாறு செட்டிங்ஸில் மாற்றுங்கள். குழந்தைக்குத் தனிக் கணக்கு, விளையாடும் நேரத்துக்கு வரம்பு, இவை மூன்று கன்சோலிலுமே உண்டு. ப்ளேஸ்டேஷனில் கன்சோல் ஷேரிங், எக்ஸ்பாக்ஸில் ஹோம் எக்ஸ்பாக்ஸ் என்று இருப்பதை உங்கள் கணக்கில் போட்டுவிட்டால், நீங்கள் வாங்கிய கேமை அதே பெட்டியில் வீட்டில் இருக்கும் மற்றவர்கள் தங்கள் கணக்கிலிருந்தே ஆடலாம்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு முழு நாள் நன்றாக ஆடிவிடுங்கள். விசிறிச் சத்தம் கூடுகிறதா என்று கேளுங்கள். அப்புறம் கன்ட்ரோலரை மேஜையில் வைத்துக் கையை எடுத்துவிட்டுத் திரையையே பாருங்கள். யாரும் தொடாமலே கதாபாத்திரம் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தால் ஸ்டிக்கில் கோளாறு என்று அர்த்தம். பில்லோடு அன்றைக்கே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.